தோழிக்கு வந்த தாள்

காலை பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெஜினா அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். வீட்டுக்குள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாற்பது வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த உடம்பு அது. அட்டை இல்லாவிட்டால் வேலை என்று நம்பாது. கஞ்சி போட்ட புடவை, இறுக்கி முடிந்த கொண்டை, காதுக்குள் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருவி. சாப்பாட்டு மேஜையின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆயிற்று, பணியில் சேர்ந்துவிட்டாள்.

பணியின் பெயர் தோழி.

கதைத்துணைத் திட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. தனியாக வசிப்பவர்கள் சீக்கிரம் படுக்கையில் விழுந்துவிடுகிறார்கள், மாத்திரையால் அவர்களை எழுப்ப முடியவில்லை என்று டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில், உலகத்துக் கதைகளையெல்லாம் படித்து முடித்த ஓர் இயந்திரம் அதற்கு வழி சொன்னது. எந்த ஊர்க் கதையானாலும் உள்ளே இருப்பவர்கள் எட்டு ஒன்பது வகை ஆட்கள்தானாம். நாயகன், அவனுக்கு வழிசொல்லும் குரு, வாசலை மறிக்கும் காவல்காரன், சேதி கொண்டுவருகிறவன், சிரிக்கவைக்கிறவன், எதிரி, கூடவே நடக்கிற தோழன். தனியாகக் கிடக்கும் ஆளைத் தினம் ஒரு மணி நேரம் நாயகனாக்கிப் பாருங்கள், தானாக எழுந்து தலை சீவிக்கொள்வான் என்றது இயந்திரம். அப்படியே நடந்தது. குருவுக்கும் காவல்காரனுக்கும் எதிரிக்கும் இயந்திரத்தின் குரலே போதுமானதாக இருந்தது. தோழன் விஷயத்தில் மட்டும் மூன்றே நாளில் எல்லா நாயகர்களும் அது இயந்திரம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கூட நடக்கிறவர் மனுஷராகத்தான் இருக்கவேண்டியிருந்தது.

விளைவு, திருச்சியில் எங்கே திரும்பினாலும் நாயகர்கள். ரெஜினாவின் வீட்டுக்குக் கீழே குடியிருந்த ஓய்வுபெற்ற என்ஜினியர் தயாளன் லிப்டில் ஏறினால் மற்றவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். ரேஷன் கடையில் இரண்டாவதாக நிற்க ஆள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் இல்லை. கருமண்டபம் கோயிலில் பாடல் குழுவுக்குப் பத்துப் பேர் வந்தார்கள், பத்துப் பேரும் தனியாகப் பாடத்தான் வந்தார்கள். அதனால் தோழிகளுக்கு ஏகக் கிராக்கி என்று அலுவலகத்துக் கார்குழலி சொன்னபோது ரெஜினாவுக்குப் பெருமையாகவே இருந்தது. நாற்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கை நீட்டுமுன் கத்தியை வைத்தவள் அவள். அந்த வேலைக்குத் தன்னைவிட யார் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததும் கஷ்டமாக இல்லை. சொந்தப் பெயரும் ஊரும் வாயில் வரக்கூடாது. முக்கியமான கட்டத்தில் முடிவெடுப்பவர் நாயகன். தோழி அதற்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும். ரெஜினா பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், கீழே விழுந்து படுத்த அக்காவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாள். அக்கா போனபிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சு என்பதே இல்லை. பால்காரர் பையில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போய்விடுவார். ஒருநாள் கைதவறிக் கிண்ணம் உடைந்தபோது, "அய்யோ" என்று தன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மறுநாள்தான் திட்டத்துக்கு எழுதிப்போட்டாள்.

அவளுக்கு ஒதுக்கிய நாயகனின் கதைப்பெயர் வேங்கை. அவள் பெயர் ஆதிரை. வற்றிப்போன ஓர் ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடி இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள். கதைசொல்லிக் குரல் காட்டையும் கரட்டையும் சொல்லும். மீதியை இவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் எழுபதைத் தாண்டியவர் என்று குரலிலேயே தெரிந்தது. கரகரப்பான, அவசரமில்லாத குரல். அவள் வழக்கப்படி சார் என்றாள், அவர் ஆதிரைம்மா என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் திருப்பிச் சொல்வார். ஒன்பதாம் நாள் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று காட்டுக்கு, ஒன்று மலைக்கு. முடிவை அவரே எடுக்கட்டும் என்று ரெஜினா மெதுவாக, "மலைப் பக்கமா சார்?" என்று எடுத்துக்கொடுத்தாள். "மலைப் பக்கம்," என்றார் அவர், அழுத்தமாக. "மலைப் பக்கம்," என்று அவளும் சொல்லிவைத்தாள். தியேட்டரில் அதுதான் முறை. டாக்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தெரிந்த மனுஷன் என்று அவளுக்கு அன்று திருப்தியாக இருந்தது.

ஞாயிறு கதைக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் அவர் குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வரும். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிறகு அந்த வாய் திறக்கவே இல்லை என்று ரெஜினாவுக்கு அதைக் கேட்டதுமே புரியும். அவளுடையதும் அப்படித்தான் வரும் என்பதால், திங்கட்கிழமை மட்டும் ஒன்பதே முக்காலுக்கு ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லித் தொண்டையைச் சரிசெய்துகொள்வாள். அவர் இருமினால் எந்த இருமல் என்று காது சொல்லிவிடும். நேராகச் சொல்லக்கூடாது, அதனால், மலைக்காற்று ஆகாது சார், வெந்நீராகக் குடியுங்கள் என்று கதைக்குள் நின்று சொல்வாள். இரண்டு நாளில் இருமல் குறையும். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு ருசியாக இருக்கும்.

தொண்ணூற்றாறாம் நாள் தாள் வந்தது. கைக்கருவியில் வரும் எழுத்துதான், ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் தாள் என்றுதான் சொல்வார்கள். இரண்டே வரி. நூறாம் நாள், கயிற்றுப் பாலத்தில், துணை உயிர்விட வேண்டும். அதன்பின் நாயகர் தனியே செல்வார்.

ரெஜினா கார்குழலியைக் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயதுப் பெண், நல்ல மாதிரி, எப்போது கூப்பிட்டாலும் எடுப்பாள். தாள் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். எல்லாக் கதையிலும் மலை உச்சிக்கு முன்னால் தோழன் போய்விடுவான், அப்போதுதான் நாயகனுக்குத் தன் காலில் நிற்கும் தெம்பு வரும், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதற்குப் பிறகு வெளியே போய் நடமாட ஆரம்பிக்கிறார்கள் என்று விளக்கினாள்.

"மீதிப் பத்துப் பேர்?" என்றாள் ரெஜினா.

கார்குழலி தாளின் இரண்டு வரியையும் மறுபடி படித்துக் காட்டினாள்.

"நான் தியேட்டர் வாசல்ல நாப்பது வருஷம் நின்னவம்மா. உள்ள இருந்தவங்க போயிட்டாங்கன்னு வெளிய வந்து சொல்றப்ப, யாரும் எந்திரிச்சு நின்னு நான் பார்த்ததில்ல. நின்னுட்டு இருக்கறவங்கதான் உக்காருவாங்க."

"ரெஜினாம்மா, அவர் உங்க சொந்தக்காரர் இல்ல. நாயகர். உங்களுக்கு வேற ஒருத்தரைப் போடுவோம்."

"எனக்குப் போடுவீங்க. அவருக்கு?"

கார்குழலி, தாளை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த நான்கு நாளும் ரெஜினா மேஜை முன் உட்கார்ந்து, காதுக்கருவி வழியே அவர் சமையலறையில் குக்கர் ஒரே ஒரு விசில் அடிப்பதைக் கேட்டாள். ஒருத்தருக்கான சோறு. தான் செத்துப்போன மறுநாளும் அந்தக் குக்கர் விசிலடிக்குமா என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. அது தெரிந்துகொள்ளவும் வழியில்லை. செத்தவளுக்குச் சேதி சொல்வார் யார்?

நூறாம் நாள். பின்னால் காட்டுத்தீ, முன்னால் கிடுகிடு பள்ளம், நடுவில் கயிற்றுப் பாலம். பாலம் ஒருவரைத்தான் தாங்கும், இந்தப் பக்கத்து முடிச்சை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்றது கதைசொல்லிக் குரல். ரெஜினா ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"சார், நீங்க கடந்து போங்க. கயித்தை நான் பிடிச்சுக்கறேன்."

வழக்கம்போல் திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

"இல்ல ஆதிரைம்மா. நீங்க போங்க. பிடிக்கிறது நான்."

அது முறையில்லை என்று அவள் மன்றாடினாள். அவரும் மன்றாடினார். தீ நெருங்குகிறது என்று குரல் எச்சரித்தது. நீங்கள் இல்லாமல் ஊற்றுக்கண்ணை யார் திறப்பது என்று அவள் கேட்டாள். அதே கேள்வியை அவரும் கேட்டார். தீ நெருங்குகிறது என்று குரல் மறுபடி சொன்னது.

"நீங்க போகலேன்னா நான் வேலையைச் சரியாப் பார்க்கலன்னு ஆயிடும்மா," என்றார் அவர்.

"என்ன வேலை?"

"சொல்லக்கூடாது."

"சொல்லுங்க சார். எரிஞ்சு போறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னிக்கு நான்தான் சாகணும்னு என் தாள்ல போட்டிருக்கு," என்றார்.

ரெஜினா தன் அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "என் தாள்லயும் அப்படித்தான் போட்டிருக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வெந்நீர் குடியுங்கள் என்றாள் அவள், இந்தத் தடவை மலைக்காற்றைச் சாக்குச் சொல்லாமல். அவர் ரயிலில் அசிஸ்டென்ட் டிரைவராக முப்பத்தொரு வருஷம் இருந்தவராம். டிரைவர் சிக்னலைப் பார்த்துப் பச்சை என்றால் இவர் பச்சை என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அது சட்டம். வீட்டிலும் அதே வாய் வந்துவிட்டது, பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை கிண்டல் செய்வாள் என்றார். அவள் தன் வேலையைச் சொன்னாள்.

"அப்ப மலைப் பக்கம் போகலாம்னு முடிவெடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார். அவ்வளவு கறாரா சொன்னீங்க."

"நீங்க சொன்னீங்க, நான் திருப்பிச் சொன்னேன்."

"நான் கேட்டேன் சார். சொல்லல."

இரண்டு பேரும் யாரும் முடிவெடுக்காத பாதையில் தொண்ணூற்றொரு நாள் மலையேறியிருந்தார்கள். வெளியே தயாளன் லிப்டை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆதிரைம்மா, என் நிஜப் பேரு..." என்று அவர் ஆரம்பித்தார். இணைப்பு அறுந்தது.

மறுநாள் பத்து மணிக்கும் அவள் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காதில் ஒன்றும் வரவில்லை. பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. அந்த மணி அடித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நினைத்தபடி கதவைத் திறந்தால், கார்குழலி. முதன்முதலாக நேரில். உள்ளே வந்தவள் ரெஜினாவின் கழுத்தைப் பார்த்தாள், கஞ்சி போட்ட புடவையைப் பார்த்தாள், முதலில் தண்ணீர் கேட்டாள்.

பிறகு சொன்னாள். திட்டத்துக்கு எழுதிப்போட்டபோது நாற்பது கேள்வி கேட்டார்கள் இல்லையா, உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று மாற்றி மாற்றி. நாற்பதுக்கும் ரெஜினா ஒன்றும் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். அப்படிப்பட்டவர்களை நாயகராக்கினால் மூன்றாம் நாள் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், கூச்சம் தாங்காமல்.

"அதனால அவங்களுக்கு வேலை கொடுக்கிற மாதிரி..." கார்குழலி நிறுத்தினாள்.

"வேலை இல்லையா இது?"

"சிகிச்சைம்மா. நீங்க ஊழியர் இல்ல, பயனாளி. அவரும்தான். ரெண்டு தோழரைச் சேர்த்து விடுவோம். ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம் நாயகர்னு நெனச்சுட்டு நல்லாயிடுவாங்க. நூறாம் நாள் ஒருத்தருக்கு மட்டும் தாள் போகும். இன்னொருத்தர் தனியா நின்னு நாயகராயிடுவார்."

"ரெண்டு பேருக்கும் வந்துதே."

"உங்க ரெண்டு பேர்ல யார் நாயகராகக்கூடியவங்கன்னு இயந்திரத்தால தீர்மானிக்க முடியல, அதனால ரெண்டு பேருக்கும் அனுப்பிடுச்சு. இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்ல."

ரெஜினா அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அதற்குப் பழக்கமில்லை. கோபத்தைவிட முன்னால் வந்து நின்றது வேறொன்று. இன்று திங்கட்கிழமை இல்லாவிட்டாலும் அந்தத் தொண்டை துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். "அவர் எப்படி இருக்காரு?" என்றாள்.

அதற்குத்தான் வந்தேன் என்றாள் கார்குழலி. கதையைத் தொடர இயந்திரத்துக்கு ஒரு நாயகர் பெயர் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரு படிவம் வரும். இந்தக் கதையின் நாயகர் யார் என்று ஒரே கேள்வி, ஒரே கட்டம். இரண்டு பேரும் ஒரே ஆளை எழுதினால் இணைப்பு திரும்ப வரும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள முடியாது. நாளைக் காலை பத்து மணி வரை நேரம்.

அவள் போனபிறகு ரெஜினா படிவத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். முதலில் வேங்கை என்றுதான் எழுதினாள், கை தானாகப் போயிற்று. பிறகு அழித்தாள். அவர் என்ன எழுதுவார்? முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் சொன்ன பச்சையைப் பச்சை என்றவர், ஆதிரை என்றுதான் எழுதுவார், சத்தியமாக. நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று இரண்டு பேரும் வாசலிலேயே நின்றால் வண்டி போய்விடும். ஒருத்தராவது உள்ளே ஏறியாக வேண்டும். அந்த மனுஷனால் முடியாது. பாவம், அவர் அவராகவே இருக்கட்டும்.

தியேட்டர் பதிவேட்டில் அறுவை செய்தவர் என்று ஒரு கட்டம் இருக்கும், உதவியவர் என்று அதற்குக் கீழே ஒன்று. மேல் கட்டத்தில் அவள் பேனா ஒருநாளும் பட்டதில்லை. இப்போது தன் பெயரை எழுதுகையில் யாரோ பின்னாலிருந்து பார்ப்பது போல் கழுத்து கூசியது. எழுதினாள். அனுப்பினாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் பத்து பத்துக்குக் கார்குழலி பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"அவரும் தன் பேரைத்தான் எழுதியிருக்கார்மா."

ரெஜினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆசைப்பட்டு எழுதுகிற மனுஷன் இல்லை அவர். தான் எதற்காக எழுதினாளோ, அதற்காகவே எழுதியிருக்கிறார். அந்தக் கரகரத்த குரலுக்கும் கழுத்து கூசியிருக்கும்.

இரண்டு நாயகரை ஒரே பக்கத்தில் வைக்க இயந்திரத்துக்குத் தெரியாது என்றாள் கார்குழலி. எல்லாக் கதையிலும் ஒருவர் இன்னொருவருக்கு எதிரி. வேண்டுமானால் அப்படிப் போட்டுத் தரும். ஆனால் எதிரிகள் பேசிக்கொள்வதில்லை. கடைசி நாள் போர்க்களத்தில்தான் நேருக்கு நேர், அதற்கு முந்நூறு நாள் ஆகும். அதுவரை அவரைப் பற்றித் தினம் ஒரு சேதி மட்டும் வரும். இல்லாவிட்டால் புதிதாக ஒரு நல்ல துணையோடு வேறு சாதாரணக் கதை தயாராக இருக்கிறது.

"நீங்க இதைத்தான் எடுத்துக்கணும்மா. எதிரி எதுக்கு உங்களுக்கு?"

அவர் என்ன சொன்னார் என்ற கேள்வி ரெஜினாவுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"எதிரியாவே இருக்கட்டும்," என்றாள். "நான் சொன்னேன்னு போட்டுக்கோ."

புதுக்கதையில் அவளுக்கு நொச்சி என்று ஒரு தோழி. நிஜமாகவே சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண். பயிற்சியில் சொன்னபடியே கச்சிதமாக இடம் விட்டுப் பேசுவாள். முதல் நாள், படை திரட்டத் தெற்கே மூன்று நாடுகள் இருக்கின்றன, எதற்குப் போகலாம் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ரெஜினா வேண்டாம் என்றாள். மலையில் ஒரு குரு இருக்கிறார், அவரிடம் ஒரு வருஷம் வித்தை கற்கலாமா? அதுவும் வேண்டாம். போர்க்களம் எங்கே இருக்கிறது, அங்கே நேராக எந்தப் பாதை போகிறது, அதைச் சொல் போதும். நொச்சி குழம்பிப்போனாள். நாயகர்கள் இப்படிச் செய்வதில்லை.

ஒரு வாரம் எதிரியைப் பற்றி உருப்படியாகச் சேதி இல்லை. புறப்பட்டான், ஆற்றைக் கடந்தான் என்று அரைவரிதான் வந்தது. அந்த அரைவரிக்காக ரெஜினா ஒரு மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கருவியைக் கழற்றினால் வீடு பழையபடி கம்மென்று ஆகிவிடும். குக்கரில் ஒரு விசில் வைத்துவிட்டு, எங்கோ இன்னொரு குக்கரும் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

எட்டாம் நாள், கதைசொல்லிக் குரல் கொஞ்சம் நீளமாகவே சொன்னது. எதிரி படை திரட்டவில்லை. குருவைத் தேடிப் போகவில்லை. வழியில் இரண்டு ஊர்கள் விருந்துக்கு அழைத்தும் தங்கவில்லை. இரவும் பகலும் நேராக இந்தத் திசையில் வந்துகொண்டிருக்கிறான்.

நொச்சி உண்மையாகவே பயந்துவிட்டாள். "இந்த மாதிரி ஒரு எதிரியை நான் பார்த்ததே இல்லம்மா. உங்க மேல அவ்வளவு வெறியா வர்றான். ரெண்டு பேரும் இப்படியே போனா முந்நூறு நாள் எல்லாம் ஆகாது, இன்னும் பதினோரு நாள்தான். கொஞ்சம் பின்வாங்கி எங்கயாவது ஒளிஞ்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, முறைப்படி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வரட்டும்," என்றாள் ரெஜினா. "நீ நடையை எட்டிப் போடு."